கூலி சூப்பு

அன்புள்ள அம்மாவுக்கு லூஸ்மிலா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பா இந்தப் பனியில் வெறுங்காலோடு வயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிமாவில் நான் சௌகரியமாகவே இருக்கிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பேன் அல்லவா? இந்தத் தடவை நான் குடியிருக்கும் வீட்டுக்கே ஆள் வந்தது. வந்தவள் நெலிதா, நான் வேலை பழக்கிவிட்ட பெண்.

“போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை பாத்தீங்களாக்கா?”

“உனக்குத் தெரியாதாடி? போன மாசமே என்னை நிறுத்திட்டாங்களே.”

“தெரியும்க்கா. ஆனா கேக்கணும்ல. வேற எதுவுமே செய்யலையா?”

“வீட்டுக்காரம்மாவோட சாப்பாட்டுக் கடைக்கு ஒருநாள் உருளைக்கிழங்கு தோல் சீவினேன். ஒரு கிண்ணம் சூப்பு குடுத்தாங்க.”

அவள் பேனா நின்றது. “அப்ப வேலையில இருக்கீங்கன்னுதான் போடணும். கூலி சூப்பா இருந்தாலும் கூலிதான்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

“போடு” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

நம் ஊரிலிருந்து ஆயாகுச்சோ பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் காய்ந்த கிழங்கு கொஞ்சமும் என் பழைய கம்பளியும் கொடுத்துவிடுங்கள். இங்கே சுவரெல்லாம் ஈரம். கம்பளியைத் துவைக்க வேண்டாம், நம் வீட்டு அடுப்புப் புகை வாசம் அப்படியே இருக்கட்டும்.

வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறார், கிழங்கு மூட்டை வந்துவிட்டது போல. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், மகள் வேலையில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். பொய்யில்லை அம்மா, அரசாங்கக் கணக்கிலேயே அப்படித்தான் இருக்கிறது.

லூஸ்மிலா