மேற்பார்வையாளரின் மூன்று பனியன்

1938 ஆகஸ்ட் 11, வியாழன்.

எங்கள் உப்பளத்துக்குக் கொழும்பிலிருந்து வந்திருக்கும் புது மேற்பார்வையாளர், சைக்கிள் ஓடுவதற்கென்றே மூன்று பனியன் வைத்திருக்கிறார். வெயிலுக்கு மெல்லிய பருத்தி, காற்றுக்கு வலைப்பின்னல், மழைக்குக் கம்பளி. ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் படித்தாராம். நாங்கள் மழை வந்தால் பனியனைக் கழற்றிச் சோற்றுத் தகரத்துக்குள் வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் உலர்ந்ததைப் போடுகிறவர்கள். இதைச் சொன்னேன். "காட்டு ஆக்கள்" என்று சிரித்தார்.

நேற்று அந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கணக்கப்பிள்ளை, இதுகளக் களப்புத் தண்ணியில அலசலாமோ?"

பக்கத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. "ஓம் ஐயா, தாராளமா" என்றேன்.

களப்பின் உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்த துணி உடம்பை என்ன செய்யும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் படித்த மனிதருக்குத் தெரியவில்லை. இன்று காலை வலைப்பின்னலைப் போட்டுக்கொண்டு காற்றுக்கு எதிரே நுரைச்சோலைக்குச் சைக்கிளில் போனார். பின்னேரம் சைக்கிளோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார், சிறகு காயவிடும் நீர்க்காகம் மாதிரி இரண்டு கையையும் விரித்தபடி. அக்குள் இரண்டும் தோலுரிந்து இரத்தம். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேர்வையாலதான் இப்பிடி. நல்ல காலம், நீங்க சொல்லி அலசினன். இல்லாட்டி இன்னும் மோசமாகியிருக்கும். நாளைக்கு எதப் போடுறது, அதையும் நீங்களே சொல்லுங்க."

மடையன். இத்தனை பேர் வேலை செய்யும் உப்பளத்தில், நம்புவதற்கு என்னைத்தானா பிடித்தான்?