பானெட்டைத் தொட்டுப் பார்

லாப்ரிடா, மே 9

அன்பு மகள் சுலேமாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் நாயும் பதினோரு கோழிகளும் இங்கே உயிரோடு இருக்கிறோம், அங்கே எஸ்கேலில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் மலைக்குளிர் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கடைசியில் சொல்கிறேன். பழைய டீசல் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா, ‘உங்களை விட்டா டீசலப் பத்தி யாருப்பா சொல்லுவா’ என்று கேட்டிருந்தாய். அம்மாவின் முதல் வருட நினைவு நாளுக்கு ஜூலையில் அதிலேயே வந்துவிடுவேன், ஆனால் எதிர்வீட்டு பால்டொமேரோ கல்லறைக்கு வந்தால் நான் வாசலிலேயே நின்றுகொள்வேன் என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் கார். விற்கிறவர் உன் பள்ளி வாத்தியாராகவே இருந்தாலும் சொன்ன நேரத்துக்குப் போகாதே, ஒரு மணி நேரம் முன்னால் போ, காலையில் போ. போனதும் வணக்கம் சொல்லிக்கொண்டே பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடு. சூடான டீசல் எஞ்சின் எவனுக்கும் நல்ல பிள்ளைதான், அதன் குணம் குளிரில்தான் தெரியும். சாவியைப் பாதி திருப்பி, மீட்டர் பக்கத்தில் சுருள் மாதிரி எரியும் மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து பிறகு கிளப்பு. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து மறைந்தால் பரவாயில்லை, நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயிலைக் குடிக்கிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார், குப்குப் என்று மூச்சு வாங்கினால் கிழடு. டைமிங் பெல்ட் மாற்றியதற்குச் சீட்டு இருக்கிறதா என்று கேள், ‘போன வருஷம்தான் மாத்துனோம்’ என்று வாயால் சொன்னால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். கதவு ஓரத்து ரப்பரை நகத்தால் விலக்கிப் பார், உள்ளே கறுப்போ மஞ்சளோ தெரிந்தால் அது புவெனஸ் ஐரிஸில் டாக்சியாக ஓடித் தேய்ந்தது, மீட்டர் என்ன சொன்னாலும் நம்பாதே. பெடல் ரப்பரையும் பார்த்துவிடு, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

அடுத்தது டீசல். அங்கே குளிர் இங்கிருப்பதைவிடக் கொடிது. நிறைய லாரிகள் நிற்கும் பங்கில் மட்டும் நிரப்பு, அங்கேதான் குளிர்காலத்து டீசல் இருக்கும். பழைய பீப்பாயிலிருந்து யார் சும்மா கொடுத்தாலும் ஊற்றாதே. கோடைக்கு வந்த டீசல் உறைபனியில் மெழுகாகிவிடும், ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், நீ எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் கிளம்பாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவனே நான்தான். போன ஜூலைக் குளிரில் என் காரில் இருந்தது கோடைக் கடைசியில், மார்ச் மாத அறுவடைக்கு வாங்கிப் பீப்பாயில் மிஞ்சிய டீசல். வீணாகப் போகிறதே என்று நான்தான் ஊற்றினேன். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலாவது தப்பித்திருக்கும், முந்தின நாள் மாலை வடக்குக் காற்று வெதுவெதுவென்று அடித்ததால் அதையும் கலக்கவில்லை.

சுலேமா, அம்மா போன அன்றைக்கு நடந்தது வேறு, நான் உன்னிடம் சொன்னது வேறு. விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. உன் அம்மா மாத்தே டீக்குத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் காரைக் கிளப்பப் போனேன், அது கிளம்பவில்லை. ‘எவரிஸ்தோ, பால்டொமேரோவக் கூப்பிடேன்’ என்றாள். ரெண்டே நிமிஷம், இதோ ஆச்சு என்றேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் அதையே சொன்னேன். சாலைக்கு அந்தப் பக்கம்தானே அவன் வீடு, அவனுடைய பெட்ரோல் கார் ஒரு தொடுதலில் கிளம்பும். நான் போகவில்லை. பெட்ரோல் காரெல்லாம் டாக்டருக்கும் காதலிக்கிறவனுக்கும்தான் என்று நான் அவனைக் கேலி செய்வதும், ‘உன் வண்டி இருமி முடிக்கிறதுக்குள்ள நான் டவுனுக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வந்துருவேன்டா’ என்று அவன் என்னைக் கேலி செய்வதும் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. அந்த வார்த்தையை அன்றைக்கு அவன் வாயிலிருந்து கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றுமே இல்லை. மூன்றாவது தடவை உன் அம்மா அவன் பெயரைச் சொல்லவில்லை. எழுந்து வாசல்வரை வந்து கெட்டிலை நீட்டினாள். ‘சரி, இந்தத் தண்ணியையாவது ஊத்திப் பாரு’ என்றாள். மாத்தேக்கு வைத்த வெந்நீரை ஃபில்டர்மேல் ஊற்றினேன். அப்படியே நாற்பது நிமிடம் போயிற்று.

நான் அவனைக் கூப்பிடவே இல்லை. ஸ்டார்ட்டர் சத்தம் தேய்ந்துகொண்டே போவதைக் கேட்டு ஏதோ சரியில்லை என்று அவனாகவே வேலி தாண்டி ஓடி வந்தான். ஒரு கேலி இல்லை, ஒரு கேள்வி இல்லை, உன் அம்மாவைக் குழந்தையைப் போலத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அவள் கைப்பை கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. ‘அரை மணி முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்’ என்று டாக்டர் சொன்னார். மறுநாள் நீ பஸ்ஸில் வந்து இறங்கி, ஏம்ப்பா இவ்வளவு நேரமாச்சு என்று சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, பால்டொமேரோவைக் கூப்பிட்டேன், அவன்தான் வண்டி எடுக்க நேரமாக்கிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். நீ அவன் நீட்டிய கையைத் தொடாமல் போனாய். உன்னை ஞானஸ்நானத்துக்கு ஏந்திய கை அது. மண் போட்டு எல்லோரும் போன பிறகு, ஏண்டா வாயைத் திறக்கல என்று நானே அவனிடம் கேட்டேன். ‘என்னை வெறுத்தா ஒரு ஞானத்தகப்பன் போவான். உன்னை வெறுத்தா அந்தப் புள்ளைக்கு யாருடா இருக்கா’ என்றான். பத்து மாதமாக ஞாயிறுதோறும் அவன் மனைவி செய்கிற சூப்பைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். உன் கடிதம் வந்ததா என்று மட்டும் கேட்பான். வந்தது, உன்னையும் விசாரித்திருக்கிறாள் என்று அதற்கும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவைக் கொன்றது நான் என்று எழுதிப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. இதில் அதை அடிக்கப் போவதில்லை.

என் கார் வாசலில்தான் நிற்கிறது, கோழிகள் உள்ளே முட்டையிடுகின்றன. டீசல்மேல் குற்றமில்லை, நான் சொன்னதையெல்லாம் பார்த்துத் திருப்தியென்றால் வாங்கிக்கொள். ஜூலையில் வா. என் வீட்டில் தங்க மனமில்லாவிட்டால் அவன் வீட்டில் உனக்கு அறை இருக்கிறது, மெத்தையை இப்போதே வெயிலில் போட ஆரம்பித்துவிட்டார்கள். கல்லறை வாசலில் நிற்க வேண்டியவன் நான், நின்றுகொள்கிறேன். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போ. இந்தக் கடிதத்தை டவுனுக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடப்போகிறவனும் அவன்தான், உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தால் வழியிலேயே கிழித்துப்போடுவான். கடவுளும் உன் அம்மாவும் உன்னை வழியெங்கும் காக்கட்டும். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும்,

உன் அப்பா
எவரிஸ்தோ

மறந்துவிடாதே: குளிரில் வண்டி கிளம்பாவிட்டால் மூன்று தடவைக்கு மேல் சாவியைத் திருப்பாதே. இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு.