அடி வேகாத அடைப்பு

போன திங்கட்கிழமை புது டாக்டரம்மா ஒரு இரும்பு வாஷரை மேஜையில் வைத்து, அதன் ஓட்டைக்குள் பல் அடைக்கும் பசையைத் திணித்தார். பசையை இறுக வைக்கும் எங்கள் பழைய விளக்கை அதன்மேல் பிடித்து, நீல வெளிச்சத்தை இருபது நொடி காட்டினார். மேல்பக்கம் கல்லாகிவிட்டது. திருப்பிப் போட்டு ஊசியால் சுரண்டினார். அடிப்பக்கம் ஈரக் களிமண் போல வந்தது. அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும், சின்ன வயசிலிருந்து கூட வளர்ந்த உன் ஞாபகம் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“லைட்டு மங்கிடுச்சும்மா. பிடிக்கிற கை கொஞ்சம் நகர்ந்தாலும் அடி வேகாது,” என்றார்.

இந்த க்ளினிக்கில் நான் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். பிறகு பழைய டாக்டர் விளக்கைப் பிடிக்கக் கொடுத்தார். “நேராப் பாக்காதம்மா, கண்ணு கெட்டுடும்,” என்றார். பார்ப்பதற்கென்று இருந்த ஆரஞ்சுக் கண்ணாடி உடைந்துபோய், மாற்றாமலே ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முகம் திரும்பினால் கையும் கூடப் போகும் என்று தோன்றவில்லை. சைக்கிளில் போகிறவன் பக்கத்தில் நடக்கிறவளைப் பார்த்தால் சைக்கிள் எந்தப் பக்கம் போகும்? என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே பெருநகர் கிராமத்து வாய்க்காலில் விழுந்தது அப்படித்தான்.

நீ கடவாய்ப் பல்லைக் காட்டிப் படுத்திருந்த அன்றைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே குலுங்கிச் சிரித்தாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் உன் பல்லில் விழுந்ததா, கன்னத்தில் விழுந்ததா, தெரியாது. விளக்கு பீப் என்றது. டாக்டர் மேலே தட்டிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார்.

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள், செங்கல் சூளையில் வேலை முடிந்து, கன்னத்தைப் பிடித்தபடி வந்தாய்.

“அடியே, இது உள்ள வேகலடி.”

“பல்லு இன்னாடி, செங்கல்லா?”

“செங்கல்லுன்னா தட்டிப் பாத்து சத்தத்துலயே சொல்லிடுவேன். இத்த எங்கடி தட்றது? மேல கல்லாட்டம் கீது, உள்ள நொசநொசன்னு கீது.”

“வாய்க்குள்ள எல்லாமே நொசநொசன்னுதான் கீது, போடி.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோண்டி எடுத்து மறுபடி அடைத்திருப்பார். நீ கிராம்பை அடக்கிக்கொண்டு மறுபக்கம் மென்றாய். மார்கழியில் தாடை வீங்கி, கழுத்துக்கு இறங்கி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் ஆயிற்று. பல்லின் சீழ் தொண்டைக்கு இறங்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லி, அதனால்தானா என்று கேட்டேன். “அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது,” என்றார்.

வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் சொத்தைப் பல்லோடு வந்தார். “தங்கச்சியே லைட்டு புடிக்கட்டும். நம்ம வூட்டு ஆளு,” என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

வாயில் பஞ்சு வைத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அவரால் பதில் பேச முடியாதல்லவா.

“அண்ணா, அவ பல்லுக்கு நான்தான் லைட்டு புடிச்சேன். புடிக்கறப்ப வேற பக்கம் பாத்துக்கினு கத பேசினேன். அப்பறம் வலிக்குதுன்னு வந்தா, சிரிச்சி அனுப்பிட்டேன்.”

டாக்டரம்மாவின் கை நின்றுவிட்டது. அண்ணன் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. கண்ணீர் இரண்டு காதுப்பக்கமும் இறங்கியது. ஆகட்டும் என்று கையை மட்டும் அசைத்தார். நான் டாக்டரம்மா விளக்கோடு வாங்கி வந்திருந்த புது ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு, பீப் வரும்வரை புது விளக்கைப் பிடித்தேன்.

அண்ணன் எழுந்து கொப்பளித்துத் துப்பினார்.

“இன்னா கத சொன்ன?”

“எங்க வூட்டுக்காரர் வாய்க்கால்ல வுழுந்தாரே, அது.”

“சிரிச்சாளா?”

“சிரிச்சாண்ணா.”

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “படையலுக்கு நீ வராத,” என்றார். சரி என்றேன்.

மார்கழியில் உன் வருஷப் படையல். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை யார் வைப்பார்களோ. அன்றைக்கு உன் தெருப் பக்கம் வர மாட்டேன். வேலைக்குப் போவேன். யாராவது வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.