இடப்பக்கத்து நரம்பு

மகளுக்கு இருமல். சித்தரத்தை வாங்கலாம் என்று காரமடைக் கோயில் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் வேறொரு டப்பாவைத் திறந்தார். அதிமதுரத்தின் மணம் வந்தது. "இதுங் கொஞ்சம் போட்டுத் தரட்டுங்களா? தொண்டைக்கு நல்லதுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததையும் வாங்காமல் இறங்கி நடந்தேன். நான்கு மாதம் உனக்கு அதிமதுரம் கொடுத்தவள் நான்.

நீ இதைப் படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஒரே ஆண்டில் விலங்கியல் முடித்து, பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரே தனியார் பள்ளியில் சேர்ந்தோம். உனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கிடைத்தது; எனக்கு ஒன்பதும் பத்தும். பல ஆண்டுகள் அப்படியே போயின. மதியத்தில் உன் டப்பாவில் நானும் என் டப்பாவில் நீயும் கைவைத்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் ஆசிரியர் அறைக்கு உன்னைத் தேடி வருவார்கள். என்னிடம் வந்தால், நீ எங்கே என்று கேட்பதற்காக வருவார்கள்.

பரிணாமப் பாடம் எடுக்கும் வாரத்தில் உன் குரல் சுவர் தாண்டி என் வகுப்புக்கு வரும். மீன் எப்படிக் கரையேறியது, துடுப்பு எப்படிக் காலானது, ஊர்வன மூதாதையின் தாடை எலும்பு எப்படிப் பாலூட்டியின் காதுக்குள் போய் உட்கார்ந்தது. "அவன் கடிக்கறதுக்கு வெச்சிருந்த எலும்புலதான் கண்ணு நாம கேக்கறோம்" என்பாய். பிள்ளைகள் காதைத் தொட்டுப் பார்ப்பார்கள். "எதையும் இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டல. பழைய ஊட்டு மேலயே எடுத்து எடுத்துக் கட்டுனதுதான் நம்ம ஒடம்பு" என்பாய். என் வகுப்புப் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அதைக் கேட்பார்கள். நானும் கேட்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தக் குரல்தான் ஒரு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு கம்மத் தொடங்கியது. வாத்தியார் வேலையில் தொண்டை கட்டுவது வழக்கம்தானே என்று இருவரும் விட்டோம். நான் அதிமதுரம் வாங்கி வந்தேன். ஒரு மாதம் கழித்து, தண்ணீர் குடித்தால் உனக்குப் புரையேறியது. பையன்கள் உன்னைப் போலக் கரகரத்துப் பேசிக் காட்டினார்கள். ஒருநாள் வராந்தாவில் அதைக் கேட்டு நான் சிரித்தேன். நீ பின்னால் வந்துகொண்டிருந்தாய்.

அந்த வாரமே தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர் போடவில்லை. ஒரு பெற்றோர் எழுதுவது போல, பொதுத்தேர்வுப் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சில் ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதினேன். பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு அக்கறையும் இருக்கவில்லை. உன் வகுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து நீ என்னிடம் வந்தாய். "யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க புள்ள. தாளாளர் கூப்பிட்டு விசாரிக்கறார்."

"யாரா இருக்கும்?" என்றேன்.

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "டாக்டர்கிட்டப் போலாம்னு இருந்தேன். இப்ப லீவு போட்டா அதையே சாக்கா வெச்சு என்னய மாத்திப்போடுவாங்க. வருசம் முடியட்டும்" என்றாய்.

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். "சரி, இந்தா" என்று இன்னொரு துண்டு அதிமதுரத்தை உன் கையில் வைத்தேன்.

மூன்று மாதம் நீ விடுப்பே எடுக்கவில்லை. பொதுத்தேர்வு முடிந்து, கோடை விடுமுறையில் ஒருநாள் இருமலில் ரத்தம் வந்தது. உன் வீட்டுக்காரர் வெளியூரில் இருந்ததால் கணபதியில் இருந்த தொண்டை மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார்.

"இடது பக்கத்துக் குரல்நாண் அசையவே இல்லைங்க. நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துரலாங்க."

"தொண்டைக்குத்தானுங்க வந்தோம். நெஞ்சுக்கு எதுக்குங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "நான் சொல்றேன், வா."

எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து நீ மேசையில் வரைந்தாய். "இது மீனு. இது மூளை, இது செவுளு, அதுக்கு ஒட்டியே கீழ இருதயம். மூளையில இருந்து வர்ற நரம்பு ஒரு ரத்தக்குழாய்க்குப் பின்னால பூந்து செவுளுக்குப் போவுது. எல்லாம் பக்கம் பக்கம். மீனுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல." இன்னொரு படம் வரைந்தாய். "அப்பறம் கழுத்துன்னு ஒண்ணு வந்துச்சு. இருதயம் நெஞ்சுக்கு எறங்குச்சு. குழாயில மாட்டிக்கிட்ட நரம்பையும் கூடவே இழுத்துட்டு எறங்கிருச்சு. அறுத்துப்போட்டு வேற வழி வெக்க ஆளில்ல. அதனால நம்ம குரலுக்குப் போற நரம்பு நெஞ்சு வரைக்கும் போய், திரும்ப மேல ஏறுது. இடப்பக்கத்து நரம்புதான் ஆழமா எறங்கும், நுரையீரலை ஒட்டி."

"அதனால?"

"அங்க ஏதோ வளந்து அதை அழுத்துதுன்னு அர்த்தம்."

பாதி காற்றாக வந்தது உன் குரல். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நீ நடத்திய நரம்பு அது. உன் தொண்டை கம்மியபோது உனக்கே அது தோன்றவில்லை. அதே பாடம் படித்த எனக்கும் தோன்றவில்லை. டீ கொண்டுவந்தவர் மேசையைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

நீ சொன்னதையே ஸ்கேனும் சொன்னது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது உன் வகுப்பு எனக்கு வந்தது. முதல் நாள் அந்த மேடையில் நின்றபோது சந்தோஷமாக இருந்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கார்த்திகையில் மருத்துவமனைக்கு வந்தேன். உனக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, "அந்தக் கடுதாசிய நாந்தான் எழுதுனேன்" என்றேன்.

நீ நோட்டை இழுத்து எழுதினாய்: "தெரியும். தாளாளர் அன்னிக்கே காட்டினார். உன் கையெழுத்து தெரியாதா?"

அப்படியென்றால், யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நீ என் முகத்தைப் பார்த்து நின்ற அந்தக் கணத்தில் உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் நான் கொடுத்ததை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாய்.

"மன்னிச்சுருவயா?" என்று கேட்டேன்.

பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் நின்றது. பிறகு அதை மூடி, நோட்டின் மேல் வைத்து, கண்களை மூடிக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் வந்து, "தூங்கிருச்சுங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். நீ தூங்கவில்லை. பத்து நாளில் போய்விட்டாய்.

இப்போது ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை நான் எடுக்கிறேன். உன் மீன், உன் கழுத்து, நீ சொன்ன அதே வரிசை. போன மாதம் ஒரு பெண் எழுந்து, "இத்தன தூரம் சுத்திப் போறது தப்புதானுங்க மேம்? ஏனுங்க சரியாகல?" என்றாள். நீ சொல்லியிருக்கும் பதிலைச் சொன்னேன். "ரொம்ப நல்லாச் சொல்றீங்க மேம்" என்றாள். இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் உன்னைத் தெரியாது. நானும் உன்னைப் பற்றிச் சொன்னதில்லை.

உன் காரியம் முடிந்த பிறகு உன்னைப் பார்த்த புற்றுநோய் மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "மூணு மாசம் முன்னாலயே வந்திருந்தாப் பொழச்சிருப்பாங்களாங்க?"

அவர் உன் கோப்பை எடுக்கச் சொல்லி, பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். பிழைத்திருக்க மாட்டாய் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அந்தக் கை மேலேயே கண்ணாக இருந்தேன்.

"அதச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.