இடப்பக்கத்து ஒயில் நட்டு

1998 யூன் 6, சனி

சமூகக்கல்விக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். ஜாம் போத்தல் விளக்கு கட்டிலுக்கு அடியில். அம்மா எழும்பினால் பாடம் எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

அப்பாவின் ஒஸ்ரின் கார் அப்பாவைவிட இரண்டே வயது இளமை. ஜெயபுரத்திலிருந்து மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. ஒரு கிழமையாகப் பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியில் முனகல். "டிபறன்சலுக்குள்ள ஒயில் குறைஞ்சிட்டுது. ஊத்தாமல் ஓடினால் பல்லெல்லாம் போயிடும். ராசேஸ்வரிக்கு நாள் வரமுன்னம் பாக்கவேணும்" என்று அப்பா சொன்னார். ராசேஸ்வரி அக்காவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை. முனகுவதில் அக்காவும் காரும் போட்டி.

இன்று அப்பா வயலுக்குப் போனதும் காருக்கு அடியில் புகுந்தேன். ஒயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் நட்டைக் கழற்றி வைத்தால் மெச்சுவார் என்று நினைத்தேன். அது அச்சின் இடப்பக்கம் இருந்தது. சைக்கிளின் இடது பெடல் மறுவளமாகத்தான், மற்றவைக்கு எதிர்த்திசையில், கழலும் என்று அப்பா படிப்பித்திருக்கிறார். "இடப்பக்கம் எண்டால் மறுவளம்." மறுவளமாகவே திருகினேன். அசையவில்லை. ஸ்பானரில் காலை வைத்து உதைத்தேன். கிறீச் என்றது. நட்டின் நான்கு மூலையும் தேய்ந்து புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது.

ஸ்பானரைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன்.

யூன் 7

அப்பா இன்னும் பார்க்கவில்லை. கோயிலில் எதையும் கேட்கப் பயமாக இருந்தது. விபூதியை மட்டும் பூசிக்கொண்டு வந்தேன்.

யூன் 8

பார்த்துவிட்டார்.

அக்காவின் புருசன் தில்லைநாதன் அத்தானைக் கூப்பிட்டார். "நீர்தானே வெள்ளிக்கிழமை காரை எடுத்தனீர்?"

"ஓம் மாமா. ஓடினனான். அடியில தொடேல்லை."

"அப்ப ஆர் தொட்டது, குரங்கோ?"

குரங்கு கதவுக்குப் பின்னால் நின்றது.

யூன் 10

அப்பா உளியை வைத்து, நான் திருகியதற்கு எதிர்ப்பக்கமாக மெல்லமெல்லத் தட்டுகிறார். வரவில்லை. பலமாக அடிக்கப் பயப்படுகிறார். "கழட்டிப்போட்டுத் திரும்பக் கோணலாப் பூட்டியிருக்கினம். திருகுற புரி உடைஞ்சிருக்கும். இனி அடிச்சால் அந்தத் துளையே வெடிச்சிடும்" என்கிறார். யாரும் கழற்றவே இல்லையே அப்பா! இதைத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் முப்பத்துநாலு கிலோ. அவள் இறுக்கியதை ஊரே சேர்ந்தும் கழற்ற முடியவில்லை.

யூன் 12

பகலில் கிபிர் குண்டுவிமானம் சுற்றியது. எல்லாரும் பங்கருக்குள். அங்கேயும் அப்பாவும் அத்தானும் முகம் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கால் நீட்ட இடமில்லை. எனக்குக் கிபிரைவிட அப்பாவின் கோப இருமல்தான் பயம்.

யூன் 14

அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. பிள்ளை முந்தியும் வரலாம் என்று மருத்துவிச்சி அம்மா சொன்னா. உடனே அத்தான் எழும்பினார். "நான் வண்டில் பாக்கிறன். இந்தக் காரை நம்பேலாது." இருபது மைல், மாட்டு வண்டிலில், அந்த ரோட்டில். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தா.

நாளை சொல்வேன். சொல்லாவிட்டால் நான் மனிசியே இல்லை.

யூன் 15

சொல்லிவிட்டேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"அப்பா, அது கழலவே இல்லை. நான்தான் மறுவளம் திருகினனான். இறுகித்தான் இருக்கு. புரி உடையேல்லை."

"ஏன் மறுவளம்?"

"இடப்பக்கம் எண்டால் மறுவளம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அப்பா காரைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

கறி எடுக்கக் குசினிக்குள் போன அம்மாவின் குரல்: "அடிக்கிறதெண்டால் படிப்பிச்ச வாத்தியாருக்கு முதல் அடியுங்கோ."

அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அப்பாதான் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் காருக்கு அடியில். சிரட்டைத் தணலைத் தகர ரின்னில் போட்டு அடியில் பிடித்துச் சூடாக்கினார்கள். அத்தான் உளியைப் பிடிக்க, அப்பா பயமில்லாமல் அடித்தார். ஏழாவது அடியில் சுழன்றது. புரி அப்படியே இருந்தது.

யூன் 16

புது நட்டுக்கு எங்கே போவது? அயல்வீட்டு வீரபாகு அண்ணையின் மாட்டு வண்டிலுக்குப் பழைய ஒஸ்ரின் அச்சுத்தான் பூட்டியிருக்கிறது. அதே நட்டு. "கழட்டுங்கோ. என்ர மாட்டுக்கு ஒயில் வேண்டாம்" என்று சொல்லி, துளைக்குப் பாலைக்கட்டை செதுக்கி அடித்தார்.

ஒயிலை ஊற்றியதும் அப்பா ஸ்பானரை என் கையில் தந்தார். "எந்தப் பக்கம்?" காட்டினேன். "காலைப் போடாத" என்றார். அவ்வளவுதான் தண்டனை.

யூன் 22

விடியப்புறம் அக்காவுக்குப் பிரசவ நோவு தொடங்கியது. பெற்றோல் தட்டுப்பாடு; நாலு துளி காட்டிக் கிளப்ப, மண்ணெண்ணெயில் கார் புறப்பட்டது. முனகியது அக்கா மட்டும்.

யூன் 25

பெண் பிள்ளை. மூன்று கிலோ. எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா என்னைக் காருக்கு அடியில் அனுப்பினார். ஒரு துளிகூடக் கசியவில்லை.

இதைப் பகலில், முற்றத்தில் இருந்து எழுதுகிறேன். அத்தான் பிள்ளையோடு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"என்ர பேரும் இருக்கோ?"

"ஓம்."

"கள்ளனாவோ?"

"முதல் நாலு பக்கத்துக்கு மட்டும்" என்றேன்.