பதின்மூன்றாம் தேதிச் சூரியன்

வாஷி
19-5-2024

அக்காவுக்கு, தம்பி பிரம்மநாயகம் எழுதுவது.

போனில் என் குரல் கேட்டால் நீ வைத்துவிடுவாய், அதனால் தபால். முப்பத்தைந்து வருஷமாக என்னோடு பேச்சில்லை. என் கடிதத்தை வாசிக்க மாட்டேன் என்று நீ சொன்னதாக மட்டும் நினைவில்லை.

போன வாரம் பேப்பரில் வந்ததை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மே பத்தாம் தேதி சூரியனில் பெரிய புயல். லடாக்கில் வானம் சிவந்து கிடந்ததாம். கீழே ஒரு பாராவுக்குப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், பார். இதைவிடப் பெரிய புயல் 1989 மார்ச் 13, 14 தேதிகளில் வந்திருக்கிறது. கனடாவில் ஒரு மாகாணமே ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது. தூரத்து ரேடியோ எல்லாம் ஊமையாகிவிட்டது.

பதின்மூன்று, அத்தான் தவறிய நாள். நீங்கள் கொடுத்த தந்தி இங்கிருந்து ரேடியோவில் மேலே போய், வானத்தின் உச்சித் தட்டில் பட்டுத் திரும்பித்தான் எங்கள் கப்பலுக்கு வரவேண்டும், சுவரில் அடித்த பந்து மாதிரி. அன்று சுவரே இல்லை. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலையை நான் கொண்டுவராததற்குக் காரணம் சூரியன்.

பிரேமலதா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். பிரேமலதாவுக்கு நான் ஒரே தாய்மாமன். எனக்கும் ஒரு பத்திரிகை அனுப்பச் சொல், அக்கா.

தம்பி
பிரம்மநாயகம்


தாராவி
27-5-2024

தம்பி பிரம்மநாயகத்துக்கு இசக்கி எழுதிக்கொண்டது.

நான் இருக்கேன். கடுதாசி வந்தது, பேப்பரும் வந்தது. நாலாம் கிளாஸ் படிப்பு, எழுத்துக்கூட்டி வாசிக்க ரெண்டு நாள் ஆச்சு.

அன்னைக்கு மாசிக் கடைசி, திங்கக்கிழமை, சப்தமி, ரோகிணி. விடியக்காலம் அவுக போனாக. பத்து மணிக்கு பிரேமலதா போஸ்ட் ஆபீசில் இங்கிலீஷில் தந்தி எழுதிக் கொடுத்தா. எங்க சால் வீட்டு வரிசை பூரா லைட் எரிஞ்சது. எதிர்த்த டீக்கடை ரேடியோ பாடிக்கிட்டே இருந்தது. "பொணம் கிடக்கு, நிறுத்துடா"ன்னு பள்ளிவாசல் சந்து சபுராதான் போய்ச் சத்தம் போட்டா. உன் சூரியன் டீக்கடை ரேடியோவை விட்டுட்டு உன் கப்பலை மட்டும் பிடிச்சுதோ? கோடிச் சேலையும் சபுராதான் எடுத்தா. பள்ளிவாசல் சந்துக்காரி எனக்குப் பிறந்த வீடு ஆனா. அது கிடக்கட்டும்.

அந்த ஆடியில் நீ கப்பலை விட்டு வந்து என் வாசலில் நின்னு சொன்னது வேற. "தந்தி வரவே இல்லக்கா. சின்னப்புள்ள, கப்பல் பேரைத் தப்பா எழுதிருப்பா." இதே வார்த்தை. ஊதாச் சட்டை போட்டிருந்தே. அப்போ சூரியனைக் காணோம்.

உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டு உள்ளே போய் அவளை அடிச்சேன். உன் படிப்பு இவ்வளவுதானாடின்னு மறுவாரமே பத்தாம் கிளாசை நிறுத்தி, தோல்பை பட்டறைக்கு அனுப்பினேன். வயசு பதினைஞ்சு. இப்பவும் பைதான் தைக்கா.

பத்திரிகை அப்புறம். எனக்கு ஒண்ணு தெரியணும். புள்ள தப்பா எழுதினாளா, சூரியன் தடுத்ததா? ரெண்டும் சேர்ந்து இருக்காது.

இசக்கி


வாஷி
4-6-2024

அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்தது.

டீக்கடை ரேடியோ உள்ளூர் ஸ்டேஷன், அது தரையோடு வரும். தூரத்துக் கப்பலுக்குத்தான் வானம் வேண்டும். நாங்கள் அப்போது போர்ச்சுகலுக்கு மேற்கே இருந்தோம். ரேடியோ ஆபீசர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், ரெண்டு நாளும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரேமலதா மேல் தப்பில்லை. அன்று வாய் தவறிச் சொல்லியிருப்பேன். எல்லாம் சூரியன்தான் என்று அவளிடம் சொல்லிவிடு.

பிரம்மநாயகம்


தாராவி
10-6-2024

தம்பிக்கு,

ரெண்டு நாள்னு நீயே எழுதிட்டே. திங்கள், செவ்வாய். புதன்கிழமை வானம் சரியாயிட்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கு அதுக்கப்புறமும் பதிமூணு நாள் கிடக்கு. திங்கக்கிழமை போகாத தந்தியைக் குப்பையிலயா போடுவான்? மறுபடி அடிக்க மாட்டான்?

புதன்கிழமை என்ன ஆச்சு? அதை மட்டும் எழுது. சும்மா காலிபீலி சூரியனை இழுக்காதே.

இசக்கி


வாஷி
24-6-2024

அக்கா,

புதன்கிழமை காலையில் தந்தி வந்தது. கப்பல் பேர் சரியாக இருந்தது. என் பேர், அத்தான் பேர், எல்லாமே சரியாக இருந்தது.

வேங்கடசுப்ரமணியன் தாளைக் கையில் கொடுத்து, "வெள்ளிக்கிழமை ராட்டர்டாம். எறங்கறதுன்னா கேப்டன்ட்ட நான் சொல்றேன்" என்றார். கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரியான எங்கள் சாரங்கு உடம்பு முடியாமல் அதே துறைமுகத்தில் இறங்குவதாக இருந்தது. அடுத்த சாரங்கு நான்தான் என்று பேச்சு. நான் இறங்கினால் அது வேறொருத்தனுக்குப் போகும். அத்தானை அதற்குள் எரித்திருப்பார்கள், இனிப் போய் என்ன என்று நினைத்தேன். "தந்தி கெடைக்கலேன்னு சொல்லிக்கலாமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ரெண்டு நாளா ஒலகத்துக்கே கெடைக்கலை. ஒம்ம பொய்யைச் சூரியன் தாங்கும்."

பதில் கொடுத்தால் தந்தி கிடைத்தது தெரிந்துவிடும். அதனால் ஒரு ஆறுதல் தந்திகூட அடிக்கவில்லை. சாரங்கு ஆனேன்.

ஊர் திரும்பி உன் வாசலில் நிற்கும்போது, ஏன் வரவில்லை என்று கேட்டாய். சூரியன் வாயில் வரவில்லை. உன் பின்னால் பிரேமலதா நின்றுகொண்டிருந்தாள், அவள் மேல் பழிதான் வாயில் வந்தது. நீ அவள் படிப்பை நிறுத்தினது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பத்திரிகை வேண்டாம். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

பிரம்மநாயகம்


தாராவி
8-7-2024

தம்பிக்கு,

உன் கடுதாசியை பிரேமலதா கையிலேயே கொடுத்தேன். பட்டறையிலிருந்து வந்த கையோட, நின்னுக்கிட்டே வாசிச்சா. அழுவான்னு நினைச்சேன். அழலை. எச், ஐ, ஆர், ஏ, என், ஒய், ஏ, கே, ஈ, எஸ், எச், ஐன்னு உன் கப்பல் பேரை எழுத்தெழுத்தாச் சொன்னா. "ஹிரண்யகேசி. பன்னிரண்டு எழுத்தும்மா. கிளார்க் எழுதித் தாரேன்னாரு, நானே எழுதுதேன்னு எழுதினேன்."

அப்புறம் கேட்டா: "மாமா பொய் சொன்னாரு, சரி. நீ எதுக்கும்மா நம்பினே? அவரு சொல்ற ஒண்ணையும்தான் நீ நம்பவே மாட்டியே?"

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு தம்பி. எந்த வருஷம் யாரு என்ன சொன்னா, அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தா, அத்தனையும். அவ கேட்டதுக்குப் பதிலை உனக்கு எழுதுதேன். கோவம் உன்மேலதான், நீ மறுபடி கடலுக்குப் போறவன். அவ கைக்கு எட்டுற தூரத்தில் இருந்தா.

இன்னையோட பன்னிரண்டு நாள், அவ என்னோட பேசலை. சோறு வைக்கா, பிரஷர் மாத்திரை எடுத்து வைக்கா, பேச்சு மட்டும் இல்லை. பத்திரிகை அச்சாகி வந்துட்டு. உன் பேர் இல்லை. உன்னைக் கூப்பிடுறதும் விடுறதும் இனி அவ பாடு, என் கையில் இல்லை.

ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. நீ வா. குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கு. சேலை, பழம்னு எதையும் தூக்கிட்டு வராதே. கல்யாணப் பேச்சு எடுக்காதே. வானம், சுவர், பந்துன்னு ஆரம்பிச்சே, அங்கேயே எந்திரிக்கச் சொல்லிருவேன். அவ கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எவ்வளவு நேரம் கேட்டாலும் உக்காந்து சொல்லு.

நானும் பக்கத்தில் இருப்பேன். உன்னோட பேச வேண்டிவரும், பேசுதேன். அவ முன்னால ஒத்தையா உக்கார என்னால முடியலை.

அக்கா
இசக்கி