கழுதைக் காது ராஜாவின் தொப்பி

பிப்ரவரி 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நம் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? என் போன் கேமரா இன்னும் சரியாகவில்லை. ரிப்பேர் கடைக்காரன் இன்று, நாளை என்று இழுத்தடிக்கிறான். அதுவும் நல்லதற்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொண்ட மாதிரி கடிதமே எழுதுவோம். முகத்தைப் பார்த்துப் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது.

பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது. பன் வெந்த அழகைப் பார்த்து முதலாளியே அசந்துவிட்டார். இந்த மாதமும் லீவு கிடைக்காது போலிருக்கிறது. மார்ச்சில் கட்டாயம் வருகிறேன். வேலைத் தொப்பியோடு எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். வாலுவிடம் காட்டு.

அன்புடன்,
உன் பேக்கரிக்காரன்

பிப்ரவரி 12

அன்புள்ள பேக்கரிக்காரருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். லீவு இரண்டாம் முறையாகத் தள்ளிப்போகிறது. கேமரா நாலு மாதமாக ரிப்பேர். நான் என்ன விரல் சூப்புகிற குழந்தையா? எதிர்வீட்டு அக்கா, "எதுக்கும் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடேன்" என்கிறார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நேராகவே கேட்கிறேன். அங்கே உங்களுக்கு வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லிவிடுங்கள். எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

வாலுவின் பள்ளியில் மார்ச் கடைசியில் நாடகம். நீங்கள் அவளைத் தூங்கவைக்கச் சொல்வீர்களே, அந்தக் கழுதைக் காது ராஜா கதைதான். இவள்தான் ராஜா. "அப்பா சொன்னாத்தான் சரியா இருக்கும், எழுதிக் கேளும்மா" என்று உயிரை எடுக்கிறாள். எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்

பிப்ரவரி 21

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வேறு யாரும் இல்லை. சத்தியமாக இல்லை. இந்த மூஞ்சிக்கு நீ கிடைத்ததே பெரிது. என்னோடு இங்கே இருப்பது முதலாளியும் மாவு பிசைகிற மெஷினும்தான். இரண்டும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். நீ தூங்காமல் கிடந்தாய் என்பதுதான் மனதை அறுக்கிறது. காரணம் வேறு. நேரில் சொல்கிறேன்.

வாலுவுக்குக் கதை: ஒரு ராஜாவுக்குக் கழுதைக் காது. கிரீடத்துக்குள் மறைத்து வைத்திருந்தான். முடி வெட்டுகிறவருக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் தலை இருக்காது என்று மிரட்டல். ரகசியத்தை அடக்கி அடக்கி அவருக்கு வயிறு உப்பிவிட்டது. காட்டுக்குப் போய் ஒரு மரப்பொந்தில் சொல்லிவிட்டு வந்தார். அந்த மரத்தை வெட்டி மத்தளம் செய்தார்கள். சபையில் அதை அடிக்கப் போனபோது ராஜா பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டான். பிறகு இன்னும் இறுக்கமாக ஒரு கிரீடம் செய்துகொண்டான். ராணிக்குக்கூட விஷயம் தெரியாது. எல்லோரும் சுகமாக இருந்தார்கள்.

ஒரு சாமானுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும் கிளம்பிவிடுவேன்.

அன்புடன்,
உன்னுடையவன்தான்

மார்ச் 2

என் மக்கு ராஜாவுக்கு,

கதையை வாசித்துக் காட்டினேன். வாலு குதித்தாள். "தப்பு! மத்தளத்தை எரிக்க மாட்டாங்க! 'ராஜா காது கழுதைக் காது'ன்னு அது கத்தும்! அப்பாதானே சொல்லிக்குடுத்தாங்க!"

இத்தனை வருஷம் மாறாத கதை இப்போது ஏன் மாறியது என்று யோசித்தேன். ராணிக்கு என்ன தெரியக்கூடாது? உங்கள் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். அடுப்படியில் தொப்பி, பஸ் ஸ்டாப்பில் தொப்பி, சிநேகிதர் கல்யாணத்தில்கூடத் தொப்பி! நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். அப்புறம் அழுதேன். இந்த மனுஷன் தினமும் தனியாகக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாரே என்றுதான்.

சுருட்டை முடிக்கு மயங்கித்தான் சம்மதித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னவள் நான்தான். அதையா நம்பினீர்கள்? உங்களைப் பார்த்த முதல் நாள் பாதிக் கேக்கைக் கீழே கொட்டிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றீர்களே, அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சரியான முடிவு இதுதான். மத்தளம் கத்தியது. சபை சிரித்தது. ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். சிரித்து அலுத்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பெரிய காது இல்லையா, கடைசி வரிசைக்காரன் முணுமுணுத்த குறைகூட அதன்பிறகு ராஜாவுக்குக் கேட்டது. இப்படித்தான் நீங்கள் சொல்வீர்கள்.

ஆர்டர் கொடுத்த சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தால் கதவு திறக்காது.

அன்புடன்,
ராணி

மார்ச் 10

அன்புள்ள ராணிக்கு,

மாட்டிக்கொண்டேன். ஓரத்தில் மட்டும் வேலி மாதிரி கொஞ்சம் முடி நிற்கிறது. நடுவில் பன் மாதிரி பளபளப்பு. சாமான் வந்துவிட்டது. போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி, "யாருங்க, என்ன வேணும்?" என்றார்.

நீ சிரிப்பாய் என்று பயமில்லை. சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன் என்றுதான் பயந்தேன். லீவு வாங்கிவிட்டேன். நாடகத்துக்கு முந்தைய நாள் வந்துவிடுவேன். வெறுந்தலையோடு.

உன் ராஜா

ஏப்ரல் 4

அன்புள்ள ராஜாவுக்கு,

நீங்கள் ரயில் ஏறியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நேற்று வாலு ஒரு விஷயம் சொன்னாள். மேடையில் கிரீடத்தைக் கழற்றும் நேரத்தில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். எல்லோரும் சிரிப்பார்களே என்று. "அப்போ முன்வரிசையில அப்பா தலை பளபளன்னு தெரிஞ்சுது. அப்பாவே சும்மா உட்கார்ந்திருக்காங்க, எனக்கென்ன பயம்னு கழட்டிட்டேன்" என்றாள். அட்டைக் காதை ஆட்டிக்கொண்டு அவள் நின்றதும், நீங்கள் விசிலடித்து எதிர்வீட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டதும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நீங்கள் விட்டுப்போன டோப்பாவை என் வகுப்புச் சிங்கப் பொம்மைக்குப் பிடரியாகத் தைத்துவிட்டேன். கன கச்சிதம்.

நீங்கள் வந்த அன்று சாயங்காலம் வாலு உங்கள் மடியில் ஏறி, தலையில் இரண்டு கையாலும் தாளம் போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்படியே தூங்கிவிட்டீர்கள். "மத்தளம் என்னடி சொல்லுது?" என்று கேட்டேன்.

"அப்பா வந்தாச்சு, அப்பா வந்தாச்சுன்னு சொல்லுதும்மா."

கேமரா இந்நேரம் சரியாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
ராணி